கிணற்றில் முறை, சபையில் முறை

(யாழ்ப்பாணத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாராளுமன்றத்தில் கட்சிகள் ஒன்றையொன்று முறையாக நடத்துகின்றனவா, சட்டம் செய்யும்போது ஒத்துழைக்கின்றனவா என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். முறை என்ற சொல்லை நான் முதலில் கற்றது சட்டப் புத்தகத்தில் அல்ல, கிணற்றடியில். அங்கேயே தொடங்குகிறேன்.

உடுவிலில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு பங்குக் கிணறு. ஐந்து குடும்பங்களுக்குச் சொந்தம். மேற்குக் காணிக்காரருக்கு அரைப் பங்கு, மற்ற நான்கு குடும்பங்களுக்கும் ஆளுக்கு எட்டில் ஒன்று. எங்கள் உறுதியில் காணியின் நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்த பிறகு, கிணற்றில் உள்ள பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் வெங்காயமும் மிளகாயும் நின்றன. துலா மிதித்து இறைத்த காலம் அது. ஒருவர் துலாவில் நடப்பார், ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார், சிறுவர்களாகிய நாங்கள் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவோம். இரவு படுக்கப் போகும்போது அம்மா கேட்பது ஒன்றுதான்: "நாளைக்கு ஆற்றை முறை?"

பிறகு இறைப்பு மிசின் வந்தது. அரைப் பங்குக்காரர்தான் முதலில் வாங்கினார். துலாவால் இறைத்த நாட்களில் கிணறு வற்றியதில்லை. மனிதக் கால் களைத்துவிடும், அதற்குள் ஊற்று தண்ணீரை நிரப்பிவிடும். மிசினுக்குக் களைப்பில்லை. ஒரு வைகாசியில், எங்கள் முறைக்கு முதல்நாள் பின்னேரம் தொடங்கி இரவிரவாக அவர் இறைத்தார். விடிய நாலரைக்கு ஐயாவோடு நானும் போனேன். பட்டை வழக்கத்தைவிட ஒரு பாகம் கூடுதலாக இறங்கியது. மேலே வந்தபோது அதில் இருந்தது அரைப் பட்டை கலங்கல். ஐயா அதைக் கிணற்றுக்குள் திருப்பி ஊற்றவில்லை, பக்கத்தில் நின்ற எலுமிச்சையின் அடியில் ஊற்றினார். பிறகு நேரே போய் அவரைக் கேட்டார். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது: "அண்ணை, உங்கட முறையை நான் எடுக்கேல்லையே. உங்கட முறை உங்களுக்குத்தானே இருக்குது."

அவர் சொன்னது பொய்யில்லை. முறை எங்களிடம் இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

நாற்பது ஆண்டுகள் சட்டத்தரணியாக இருந்துவிட்டேன். தமிழில் இந்த ஒரு சொல் சுமக்கும் பொருளை நினைத்து இன்றும் வியக்கிறேன். இறைப்புக்கு வரும் தரம் முறை. ஒரு காரியத்தைச் செய்யும் விதம் முறை. மாமன், மச்சான் என்ற உறவு முறை. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில் அரசன் வழங்கும் நீதிக்கும் அதே சொல்லைத்தான் வைத்தார். சபையில் எதிரணி எழுந்து அறிவித்தல் தரவில்லை, பேச நேரம் தரவில்லை என்று சத்தமிட்டால், மறுநாள் பத்திரிகை அதை வெறும் நடைமுறைத் தகராறு என்று எழுதுகிறது. அதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. நடைமுறை என்ற சொல்லுக்குள்ளேயே நீதி உட்கார்ந்திருக்கிறது.

பெரும்பான்மைக்கு வெல்லும் உரிமை உண்டு. அதில் எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கு அதற்கு முந்திய இரண்டு கேள்விகளில் இருக்கிறது. மற்றவருக்கு முன்கூட்டியே அறிவித்தீர்களா? அவர் பேசியதால் உங்கள் தீர்மானத்தில் ஒரு சொல்லாவது மாற இடம் வைத்திருந்தீர்களா? இவை இரண்டும் இருந்தால் தோற்றவர் மறுநாளும் சபைக்கு வருவார். இல்லாவிட்டால், வாக்கெடுப்பு எவ்வளவு சுத்தமாக நடந்தாலும், அவர் மனத்தால் வெளியேறிவிடுவார். கால்கள் பிறகு போகும்.

முன்கூட்டியே அறிவித்தல் நமக்கு வெளியில் இருந்து வந்த சரக்கல்ல. நம் வழமைச் சட்டமாகிய தேசவழமையின்படி, உடன்பங்காளி இருக்கும் காணியில் தன் பங்கை விற்க நினைப்பவர் முதலில் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். வாங்கும் உரிமை முதலில் அவருக்கு. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அந்த அறிவித்தலை எப்படிக் கொடுப்பது என்று வரையறுத்தது. அறிவிக்காமல் விற்றால் பங்காளி நீதிமன்றம் வரலாம். நான் அப்படி எத்தனையோ வழக்குகள் பேசியிருக்கிறேன். தேசவழமையே ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்தபோது, தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அந்நிய ஆட்சி கூடச் சட்டத்தை அதற்கு உட்பட்டவர்களில் சிலரிடமாவது காட்டியது. சிலரிடம் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருந்தது. அந்த அடிமைகளை எவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. முறை பற்றிப் பேசும் யாழ்ப்பாணத்தார் இந்த வடுவை மறைத்துக்கொண்டு பேசக்கூடாது.

இனி நவரங்கஹலவுக்கு வருகிறேன்.

1970ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய முன்னணி 116 ஆசனங்களை வென்றது. அரசியலமைப்பைப் புதிதாக எழுத மக்களிடம் ஆணை கேட்டு, பெற்று வந்தவர்கள் அவர்கள். இதை மறுக்க முடியாது. அந்த ஆண்டு ஜூலை 19ஆம் திகதி, பாராளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே, கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை கூடியது. தமிழரசுக் கட்சிக்கு அங்கே 13 பேர். புறக்கணித்திருக்கலாம். அவர்கள் போனார்கள். ஒரு மாதிரி அரசியலமைப்பை எழுதிக் கையில் கொண்டுபோனார்கள். ஒத்துழைப்பு என்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பதின்மூன்று பேரைத்தான்.

1971 மார்ச்சில் இரண்டாவது அடிப்படைத் தீர்மானம் வந்தது, ஒற்றையாட்சி பற்றியது. முதல் வரைவில் அந்தச் சொல்லே இருக்கவில்லை, பிறகே சேர்ந்தது என்று அன்று நீதி அமைச்சின் செயலாளராக இருந்த நிஹால் ஜயவிக்ரம பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தத் தீர்மானத்தின் மேல் தமிழரசுக் கட்சிக்காகப் பேசியவர் எங்கள் உடுவில் தொகுதியின் உறுப்பினர் வி. தர்மலிங்கம். கூட்டாட்சி ஏன் வேண்டும் என்று வாதாடினார். அதோடு நிற்காமல் ஒரு படி இறங்கியும் வந்தார். கூட்டாட்சிக்கு மக்கள் ஆணை தரவில்லை என்று நினைத்தால், உங்கள் தலைவர் பண்டாரநாயக்காவின் கொள்கையாக இருந்த நிர்வாகப் பரவலாக்கத்தையாவது செய்யுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். இதைவிடப் பணிந்த திருத்தம் ஒன்றை எந்த எதிரணியும் எந்தச் சபையிலும் வைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. மார்ச் 27ஆம் திகதி திருத்தம் தோற்றது.

நேரம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. பேச விட்டார்கள். குழுக்களில் இடம் கொடுத்தார்கள். எல்லாமே ஹன்சார்டில் அச்சாகியிருக்கிறது. இடையில் ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது, நாடு ஏற்கெனவே அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்தது, சபை தன் வேலையைத் தொடர்ந்தது. ஜூன் 28ஆம் திகதி மொழி பற்றிய தீர்மானம் நிறைவேறியது. சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்பது சாதாரணச் சட்டத்தில் இருந்து அரசியலமைப்புக்கு உயர்ந்தது. கட்சித் தலைவர் செல்வநாயகம், நாம் தந்தை செல்வா என்று அழைப்பவர், எழுந்து, இனி இந்தச் சபையில் இருப்பதால் பயனில்லை என்று அறிவித்தார். கட்சி வெளியேறியது, திரும்பி வரவில்லை.

அன்று நான் பள்ளி மாணவன். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் வாங்கில் இருந்து கேட்பது வழக்கம். அந்தச் செய்தியை வாசித்து முடித்த பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை. ஐயா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "முறை குடுத்தாங்கள். தண்ணி இறைச்சுப் போட்டாங்கள்."

1972 மே 22ஆம் திகதி 119க்கு 16 என்ற வாக்குகளால் புதிய அரசியலமைப்பு நிறைவேறியது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்வதைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு மறைந்தது. மேல்சபையாகிய செனட்டையும் 1971 ஒக்டோபரிலேயே ஒழித்திருந்தார்கள். 29ஆம் பிரிவு மலையக மக்களின் குடியுரிமையையும் காக்கவில்லை, 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தையும் தடுக்கவில்லை. அதனால் அதை இழந்தது பெரிய காரியமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய காரியம்தான். வேலி பொத்தலாக இருந்தாலும், அங்கே எல்லை ஒன்று உண்டு என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

இதே காலத்தில் பெல்ஜியத்தில் என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் பார்ப்போம். அங்கும் இரண்டு மொழிக்காரர், ஒரு பக்கம் தொகை அதிகம். 1970 டிசம்பரில், நம் அரசியல் நிர்ணய சபை இருந்த காலத்திலேயே, அவர்கள் தங்கள் அரசியலமைப்பைத் திருத்தி ஓர் எச்சரிக்கை மணியைக் கட்டினார்கள். ஒரு மொழிக் குழுவின் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்திட்டு, இந்தச் சட்டமூலம் எங்கள் உறவைக் கெடுக்கும் என்று சொன்னால், சபை நடவடிக்கை நிற்கும். அமைச்சரவை முப்பது நாளுக்குள் தன் கருத்தைச் சொல்லவேண்டும். அந்த அமைச்சரவையில் இரண்டு மொழிக்காரருக்கும் சம எண்ணிக்கை. மணியை அவர்கள் மிக அரிதாகவே அடித்திருக்கிறார்கள். அடிக்கத் தேவை வராமல் செய்வதே அந்த மணியின் வேலை. நமக்கு வேண்டியிருந்தது அந்த முப்பது நாள்தான்.

1972 ஒக்டோபரில் தந்தை செல்வா தன் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். புதிய அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்பதை இடைத்தேர்தலில் பாருங்கள் என்று அரசுக்கு அறைகூவல் விட்டார். இடைத்தேர்தல் வரவில்லை. மாதங்கள் போயின, ஆண்டு ஒன்று போனது, இரண்டு போனது. எங்கள் அம்மம்மா மாவிட்டபுரத்தவர், காங்கேசன்துறைத் தொகுதி. நான் போகும்போதெல்லாம் கேட்பார்: "தம்பி, வோட்டு எப்பவாம்?" பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், காது சரியாகக் கேளாத ஒரு முதியவர், தன் மக்களின் பதிலைக் கேட்க இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் காத்திருந்தார். 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. அந்தப் பெரும்பான்மை 16,470ஐச் சபை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் பண்ணாகத்தில் தனி நாடு கேட்கும் தீர்மானம் நிறைவேறியது.

போர் ஏன் வந்தது என்பதற்கு நவரங்கஹல ஒன்றே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. சபைக்குள் பேசிப் பயனில்லை என்று நம்ப ஒரு தலைமுறைக்குச் சாட்சியம் வேண்டியிருந்தது. அந்தச் சாட்சியம் அங்கே கிடைத்தது என்கிறேன். இறங்கி வந்து பேசிய தர்மலிங்கத்தை 1985 செப்டெம்பரில் துப்பாக்கி கொண்டுபோனது. பேச்சில் நம்பிக்கை வைத்தவர்களுக்கு அப்போது இரண்டு பக்கமும் இடமிருக்கவில்லை.

அதன் பிறகு நம் இருக்கைகளே வெறுமையாகின. 1983 ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் பிரிவினையை மறுக்கும் ஒரு சத்தியத்தைக் கேட்டது. தமிழர் விடுதலைக் கூட்டணி அதைச் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தது. 1987 நவம்பரில் மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்த நாளில், வடக்கு மக்கள் தெரிந்தெடுத்த கூட்டணி உறுப்பினர் ஒருவரும் சபையில் இல்லை. யாருக்காக அந்தச் சட்டம் செய்யப்பட்டதோ அவர்கள் இல்லாமலே அது பிறந்தது. அதன் பலவீனத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

1972 அரசியலமைப்பு இன்னொன்றையும் கொண்டுவந்தது: அவசர சட்டமூலம். தேசிய நலனுக்கு அவசரம் என்று அமைச்சரவை எழுதிவிட்டால், அரசியலமைப்பு நீதிமன்றம் 24 மணி நேரத்தில் கருத்துச் சொல்லவேண்டும். 1978இன் அரசியலமைப்பும் அதை விடவில்லை, உயர் நீதிமன்றத்துக்கு ஒரு நாள், கூடினால் மூன்று நாள். 2010இல் 18ஆம் திருத்தம் அப்படித்தான் வந்தது. சனாதிபதி எத்தனை தடவையும் போட்டியிடலாம் என்பது போன்ற மாற்றத்துக்கு என்ன அவசரம்? ஆகஸ்ட் முடிவில் நீதிமன்றம், செப்டெம்பர் 8ஆம் திகதி 161க்கு 17. ஊரில் ஒருவர் சட்டமூலத்தைக் கையில் எடுத்து வாசித்து, ஒரு சட்டத்தரணியைத் தேடி, கொழும்புக்கு பஸ் ஏறுவதற்குள் அது சட்டமாகிவிட்டது. இதுதான் இரவிரவாக இறைப்பது. 2015இல் 19ஆம் திருத்தம் அந்தக் கதவை மூடியது. அதற்கு 212 பேர் கை உயர்த்தினார்கள். ஆளும் தரப்பும் எதிரணியும் விட்டுக்கொடுத்தால் என்ன முடியும் என்று காட்டிய நாள் அது. ஐந்து ஆண்டில் 20ஆம் திருத்தம் அதே கதவைச் சில நிபந்தனைகளோடு மறுபடி திறந்தது.

2012இன் திவிநெகும சட்டமூல விவகாரத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அதில் நம் மாகாணத்தின் பெயர் இருக்கிறது. அந்தச் சட்டமூலம் மாகாண சபைகளின் அதிகாரத்தைத் தொட்டது, அதனால் மாகாண சபைகளிடம் கேட்கவேண்டும் என்றது உயர் நீதிமன்றம். வடக்கில் அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநர் தாமே சம்மதம் எழுதிக் கொடுத்தார். பங்காளி ஊரில் இல்லாதபோது அவருடைய தோட்டக் காவலாளியிடம் கையெழுத்து வாங்குவதுபோல. சபையின் சம்மதத்தை ஆளுநர் தரமுடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே நாட்களில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 117 பேர் கையெழுத்திட்ட குற்றப்பிரேரணை கையளிக்கப்பட்டது.

விசாரித்த தெரிவுக்குழுவில் ஆளும் தரப்பில் ஏழு பேர், எதிரணியில் நான்கு பேர். அந்த நால்வரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சம்பந்தன் ஐயாவும் ஒருவர். டிசம்பர் 6ஆம் திகதி பின்னேரம் ஏறத்தாழ ஆயிரம் பக்க ஆவணங்களைக் கொடுத்து, மறுநாளே பதிலுக்கு வரச்சொன்னார்கள். ஒரு கிராமத்து வேலி வழக்கில் கூட எந்த நீதவானும் அப்படி ஒரு தவணை தரமாட்டார். பிரதம நீதியரசர் எழுந்து போனார். மறுநாள் எதிரணியின் நால்வரும் விலகினார்கள். ஏழு பேர் மட்டும் இருந்து அவர் குற்றவாளி என்று எழுதினார்கள். 2013 ஜனவரி 8ஆம் திகதி திவிநெகும நிறைவேறியது. 11ஆம் திகதி 155க்கு 49 என்று பிரதம நீதியரசரை நீக்கும் பிரேரணை நிறைவேறியது. குழு அமைத்தார்கள், அறிவித்தல் அனுப்பினார்கள், வாக்கெடுத்தார்கள். "உங்கட முறை உங்களுக்குத்தானே இருக்குது."

இதுவரை மற்றவர்கள் நமக்குச் செய்ததைச் சொன்னேன். இங்கே நிறுத்தினால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன்.

2017 செப்டெம்பர் 20ஆம் திகதி மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் சபைக்கு வந்தது. வர்த்தமானியில் வந்தபோது அது வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு முப்பது வீதம் உறுதிசெய்யும் சட்டமூலம். நல்ல விடயம், யாரும் நீதிமன்றம் போகவில்லை. குழுநிலையில் அதன் வயிற்றுக்குள் வேறொன்றைப் புகுத்தினார்கள். தேர்தல் முறை முழுவதையுமே மாற்றி, தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புதிய முறை ஒன்றைச் சேர்த்தார்கள். வர்த்தமானியில் மக்கள் பார்த்தது ஒன்று, சபையில் நிறைவேறியது வேறொன்று. மக்களுக்கு நீதிமன்றம் போகும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைத்தது. நமது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்குகள் அதில் இருந்தன.

ஏன் வாக்களித்தார்கள்? அன்றைய அரசோடு புதிய அரசியலமைப்புப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த உறவைக் கெடுக்கவேண்டாம் என்று நினைத்தார்கள். அவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. விளைவு என்ன? புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வரையவேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் சபைக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை போய்விட்டது, புதிய முறை பிறக்கவில்லை. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் ஆயுள் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. கைதடியில் அந்தச் சபை மண்டபத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இந்த வாக்கெடுப்பை நினைக்கிறேன். பெரிய பங்குக்காரர் இரவில் இறைத்தபோது, கிணற்றடியில் விளக்குப் பிடித்தவர்கள் நாமும்தான்.

கைதடிச் சபை உயிரோடு இருந்தபோது நாம் எப்படி நடந்தோம்? 38 ஆசனத்தில் 30 கூட்டமைப்பிடம். நிறைவேறிய தீர்மானங்கள் ஏராளம், நியதிச் சட்டங்கள் கொஞ்சம். ஆளுநர் கையெழுத்திட மறுத்ததும் ஒரு காரணம். முதலமைச்சர் நிதியம் பற்றிய நியதிச் சட்டம் அப்படித்தான் கிடந்தது. ஆனால் 2017 ஜூனில் வந்த பிளவுக்கு எந்த ஆளுநரும் காரணமில்லை. அமைச்சர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரித்த குழு இருவர் பக்கம் பிழை கண்டது. மற்ற இருவருக்கு எதிரான சாட்சிகள் குழுவின் முன் வரவில்லை. ஜூன் 14ஆம் திகதி முதலமைச்சர் விக்னேஸ்வரன் முதல் இருவரைப் பதவி விலகக் கேட்டார், மற்ற இருவரையும் ஒரு மாத விடுமுறையில் போகச் சொன்னார். குற்றம் நிரூபிக்கப்படாதவரை ஏன் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்ற கேள்வி நியாயமான கேள்வி. ஊழல் விசாரணைக்கு இடம்விடுங்கள் என்ற பதிலும் நியாயமானதுதான். இரண்டையும் வைத்துப் பேசத்தான் சபை இருந்தது. 21 உறுப்பினர்கள் அன்றிரவே நம்பிக்கையில்லாக் கடிதத்தோடு ஆளுநரிடம் போனார்கள். ஆளுநருக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு என்று ஐம்பது மேடைகளில் கேட்ட நாம், நமக்குள் சண்டை வந்ததும் அவர் வாசலில் நின்றோம். சில நாளில் கடிதங்கள் பரிமாறி ஆறிப்போனது. ஆனால் அன்று உடைந்தது பிறகு ஒட்டவேயில்லை.

நம்மவர் முறையைக் காத்த நாளும் உண்டு. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவில் பிரதமர் மாறினார். நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. நீதிமன்றம் அதை இடைநிறுத்திய பிறகு கூடிய சபையில் மிளகாய்த் தூள் பறந்தது. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் காவலோடு உள்ளே வரவேண்டியிருந்தது. கலைப்பை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முதற்பெயர் சம்பந்தன். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்கள். சில நாட்களுக்குள் எதிர்க்கட்சித் தலைவர் பதவி சம்பந்தன் கையை விட்டு மகிந்த ராஜபக்சவிடம் போனது. சபையை மீட்டுக் கொடுத்தவர் சபையில் தன் கதிரையை இழந்தார். தெற்கில் அதைப் பெரிதாக எடுத்தவர் சிலர்தான். நம் பிள்ளைகளாவது அதைத் தெரிந்திருக்கவேண்டும்.

2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108க்கு 62 என்று நிறைவேறியது. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்களில் சில விடுபட்டுவிட்டன என்று எதிரணி சொன்னது. சபாநாயகர் கையெழுத்திட்டார். தமிழரசுக் கட்சி உறுப்பினர் சுமந்திரன் நீதிமன்றம் போனார். சபாநாயகரின் சான்று விழுந்த பிறகு எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்கமுடியாது என்பது நம் அரசியலமைப்பு, மனு நிலைக்கவில்லை. சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை மார்ச் 21ஆம் திகதி 75க்கு 117 என்று தோற்றது. இந்த வழக்கு சொல்வது தெளிவு: உரிய வேளையில் கேட்காத கேள்விக்குப் பிறகு பதில் சொல்ல ஆளில்லை.

இப்போது ஆளும் அணியிடம் மட்டும் 225 ஆசனத்தில் 159. யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களிடம். நம் மக்கள் விரும்பிக் கொடுத்த வாக்கு அது, அதை நான் மதிக்கிறேன். புதிய அரசியலமைப்பு வரும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எண்ணிக்கை 1970ஐப் போல இருக்கிறது. அந்த மூன்று உறுப்பினர்களிடமும் மற்ற மூவரிடமும் நான் கேட்பது ஒன்று. சட்டமூலம் வர்த்தமானியில் வரும் அன்றே அதன் தமிழ்ப் பிரதி யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் வாசிப்பு மேசையில் இருக்கவேண்டும். நெடுந்தீவிலும் பருத்தித்துறையிலும் பிரதேச செயலகத்தில் இருக்கவேண்டும். குழுநிலையில் புதிதாக ஒரு பிரிவு நுழைந்தால், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும், அது வர்த்தமானியில் இல்லை என்று எழுந்து சொல்லவேண்டும். ஆளும் தரப்பில் இருந்துகொண்டு அதைச் சொல்வது கடினம். அந்தக் கடினத்துக்குத்தான் மக்கள் உங்களை அனுப்பினார்கள்.

எங்கள் கிணற்றுக் கதையை முடிக்கவில்லை. ஐயா வழக்குப் போடவில்லை. நான்கு எட்டில்-ஒன்றுக்காரரும் ஒன்றாகப் போய், பிள்ளையார் கோயில் முன்றலில் பெரிய பங்குக்காரரோடு இருந்து பேசினார்கள். மூன்று இரவு பேசினார்கள். அரைப் பங்கு அரைப் பங்காகவே நின்றது. மாறியது ஒழுங்கு மட்டும். சிறிய பங்குக்காரர் விடியப்புறம் முதலில் இறைப்பது, மிசின் அதற்குப் பிறகு. ஊற்று நிறைந்து நிற்கும் நேரம் விடியப்புறம். எண்பதுகளில் நாங்கள் இடம்பெயரும்வரை அந்த ஒழுங்கு நடந்தது.

கேள்வி நேரம் இருக்கிறது என்று அவைத்தலைவர் சைகை காட்டுகிறார். பின் வாங்கில் இருக்கும் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.